புற்றுநோய்த் தற்காப்பு: அன்றாடச் சமையலில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்?

உறவிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும் மற்றவர்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி, “எதைச் சாப்பிட்டால் நமக்கு இது வராமல் இருக்கும்?” என்பதுதான். அப்படிச் சாப்பிட்டதும் நோயைத் தடுத்துவிடும் தனி உணவு எதுவும் இல்லை. அதற்காக, நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. புகையிலை, மது, சில தொற்றுகள், அதிக உடல் எடை ஆகியவற்றோடு நாம் உண்ணும் முறையும் அந்தக் கணக்கில் அடங்கும். அதற்குக் கடையில் விலை உயர்ந்த பொருள் எதையும் தேட வேண்டியதில்லை. வாங்கும்போது பார்த்து எடுப்பது, கெடாமல் சேமிப்பது, நறுக்கும் விதம், அடுப்பின் சூடு ஆகிய நான்கிலும் காட்டும் அக்கறையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

உணவு எங்கே குறுக்கிடுகிறது?

நம் உடலின் செல்கள் ஓயாமல் பிரிந்து புதிய செல்களை உருவாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் மரபணுவில் சிறு பிழைகள் நேரலாம். உடல் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்யப்படாத பிழைகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து, ஒரு செல் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்கும்போது புற்றுநோய் உண்டாகிறது. ஒருநாள் சாப்பிட்ட வறுவலால் இது வருவதில்லை. ஒருநாள் குடித்த கீரைச் சாற்றால் இது நிற்பதும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுப் பழக்கமே இங்கே கணக்கில் வருகிறது.

இந்த நெடிய போக்கில் உணவு மூன்று இடங்களில் குறுக்கிடுகிறது. முதலாவது, சில உணவுகளும் சமைக்கும் முறைகளும் மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்தும் பொருள்களை உடலுக்குள் கொண்டுவருகின்றன. இரண்டாவது, தேவைக்கு மேல் உண்பதால் சேரும் கொழுப்பு. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் (பெண்மை இயக்குநீர்) பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. இன்சுலின் அளவு கூடுவதற்கும் அது வழிவகுக்கிறது. இவை செல் பெருக்கத்தைத் தூண்டுபவை. மார்பகம், கருப்பை, பெருங்குடல், கணையம் உட்பட 13 வகைப் புற்றுநோய்களுக்கு அதிக உடல் எடையோடு தொடர்பு உண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் அறிவித்தது.

மூன்றாவது இடம் பெருங்குடல். நாம் உண்ணும் நார்ச்சத்து சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் (குடல் சுவர் செல்களுக்கு ஊட்டம் தரும் கொழுப்பமிலம்) என்ற பொருளை உண்டாக்குகின்றன. மலம் தேங்காமல் வெளியேறவும் நார்ச்சத்து உதவுகிறது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ணும் மக்களிடம் பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதைக் கவனித்து 1970களில் இந்தத் தொடர்பை முன்வைத்தார். பிற்காலத்துப் பெரிய ஆய்வுகளும் முழுத்தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்குப் பாதுகாப்புத் தருவதை ஆதரிக்கின்றன.

பீதியைத் தவிர்க்க ஒரு விளக்கம் இங்கே தேவை. பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் மேற்சொன்ன முகமை, புற்றுநோயைத் தூண்டும் பொருள்களைப் பிரிவுகளாக வகைப்படுத்துகிறது. ஒரு பொருள் முதல் பிரிவில் இருந்தால், அது புற்றுநோயைத் தூண்டும் என்பதற்குப் போதிய சான்று உள்ளது என்று பொருள். எவ்வளவு தூண்டும் என்பதை அந்தப் பிரிவு சொல்வதில்லை. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே பிரிவில் இருக்கின்றன. ஆனால் இரண்டின் ஆபத்தும் சமமல்ல. “இதுவும் புற்றுநோய் தரும்” என்று செய்தியில் பார்த்தவுடன் கலங்காமல், எந்த அளவில், எத்தனை நாள் உண்டால் என்று கேளுங்கள்.

உங்கள் சமையலறையில் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

மாற்றத்தைத் தொடங்கும் முன், இப்போதைய நிலையை ஒரு வாரம் கவனியுங்கள். தட்டில் சோறு குவிந்தும் பொரியல் ஒரு கரண்டியாகவும் இருக்கிறதா? கீரை வாரத்துக்கு ஒருமுறைதானா? பூரி சுட்ட எண்ணெய் மறுநாள் வடைக்கும், அதற்கடுத்த நாள் அப்பளத்துக்கும் போகிறதா? எல்லாச் சாப்பாட்டிலும் ஊறுகாயும் அப்பளமும் இருக்கின்றனவா? வேர்க்கடலையும் வற்றல் மிளகாயும் ஈரம் படும் இடத்தில் கிடக்கின்றனவா? தாளிக்கும்போது சமையலறை முழுதும் புகை சூழ்கிறதா? பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டி பாக்கெட் வறுவலாகவே இருக்கிறதா?

இவற்றில் இரண்டு மூன்றுக்கு “ஆம்” என்று பதில் வந்தால் அச்சப்படத் தேவையில்லை. எங்கே கைவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது; அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று பரிந்துரைக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் தானியமும் காய்கறியும் தலைகீழாக இருக்கின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு திருத்த வேண்டியது இதுதான்.

நார்ச்சத்தைக் கூட்டுவது எப்படி?

ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகிலோ கம்பிலோ சுமார் 11 கிராம் கிடைக்கும். முழுக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு போன்றவற்றில் இதைவிடவும் அதிகம். ஆகவே மூன்று வேளையும் அரிசியே என்ற வழக்கத்தில் ஒரு வேளையையாவது கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றுக்குக் கொடுங்கள்.

கேழ்வரகை மாவாக அரைத்தபின் சலித்துத் தவிட்டை எறிந்துவிட்டால் நார்ச்சத்தும் அதோடு போய்விடும். சலிக்காத மாவே நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் நீர்த்த கூழாகக் குடிப்பதைவிட, முருங்கைக் கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகச் சுட்டுச் சாப்பிடுவது மேல். பருப்பைக் குழம்பில் கரைப்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் மூன்று நான்கு மாலைகளில் முழுப்பயறைச் சுண்டலாகச் செய்யுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றிச் செய்தால் சலிக்காது.

நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று கைவிடத் தோன்றும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். பயறுகளை இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். குடலில் அடைப்பு, குறுக்கம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலோ, குடல் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்ட வேண்டாம்.

காய்கறிகளின் பலனை முழுதாகப் பெற

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூக்கல், டர்னிப், கடுகு ஆகியவை ஒரே தாவரக் குடும்பம். இவற்றில் குளுக்கோசினோலேட் (கந்தகம் சேர்ந்த தாவரச் சேர்மம்) என்ற பொருள் இருக்கிறது. காயை நறுக்கும்போது அதன் செல்கள் உடைந்து, மைரோசினேஸ் (இச்சேர்மத்தைப் பிளக்கும் நொதி) அதோடு கலக்கிறது. அப்போது உருவாகும் பொருள்களில் ஒன்று சல்ஃபோராஃபேன். 1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே குழுவினர் புரோக்கொலியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, உடலின் நச்சுநீக்கும் நொதிகளை இது தூண்டுகிறது என்று காட்டினார்கள். மனிதருக்குப் புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்னும் அறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும், தினமும் சமைக்கும் காயிலிருந்து இந்தப் பலனைப் பெறுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. அந்த நொதி சூட்டில் செயலிழந்துவிடும். எனவே காயை முதலில் கழுவி, பிறகு பொடியாக நறுக்கி, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். காலையில் எழுந்ததும் கோஸை நறுக்கி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தால் நேரம் தானாகக் கடந்துவிடும். நிறைய தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அதை வடித்துக் கொட்டினால் நல்ல பொருள்கள் அதோடு போய்விடும். மூடிவைத்து ஆவியிலோ, தெளித்த தண்ணீரிலோ சில நிமிடம் வேகவிடுங்கள். காய் குழையாமல், கடித்தால் சற்று நறுக்கென்று இருக்க வேண்டும்.

கடுகும் இதே குடும்பம் என்பதால் அதிலும் அந்த நொதி உண்டு. எண்ணெயில் வெடித்த கடுகில் அது செயலிழந்துவிடும். வேகவைத்த கோஸை இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் கால் தேக்கரண்டி பச்சைக் கடுகுப்பொடி தூவிக் கலந்தால் இழந்த நொதி ஓரளவு திரும்பக் கிடைக்கும். பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் தயிர்ப் பச்சடிக்கும் இது பொருந்தும். முருங்கைக் கீரை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் அதிலும் குளுக்கோசினோலேட் வகை உண்டு. அதையும் வாரத்தில் இருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் கோஸை அடியோடு விலக்க வேண்டும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. உணவில் அயோடின் போதிய அளவு இருக்கும் வரை, வேகவைத்து வழக்கமான அளவில் உண்பதால் தீங்கில்லை. பச்சையாக அரைத்துத் தினமும் குடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பூண்டுக்கும் இதே நியாயம்தான். உரித்த பல்லை முழுதாகக் குழம்பில் போட்டால் அல்லிசின் (நசுக்கும்போது உருவாகும் கந்தகச் சேர்மம்) சரியாக உருவாவதில்லை. நசுக்கியோ நறுக்கியோ பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு வதக்குங்கள். தக்காளி இதற்கு நேர்மாறு. அதன் சிவப்பு நிறமியான லைக்கோபீன், எண்ணெய் சேர்த்து வதக்கி வேகவைக்கும்போதுதான் உடலுக்கு எளிதாகக் கிடைக்கிறது. தக்காளித் தொக்கும் குழம்பும் இந்த வகையில் பச்சைத் தக்காளியை விடச் சிறந்தவை. கேரட், பரங்கிக்காய், கீரை ஆகியவற்றின் கரோட்டினுக்கும் சிறிது கொழுப்பு வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ தேங்காய்த் துருவலோ போதும்.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள்தூளில் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) ஏறக்குறைய 3 சதவீதமே. அதிலும் மிகச் சிறு பங்குதான் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் அதை 20 மடங்கு கூட்டுகிறது என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசமும் கூட்டும் நல்ல உணவுகள், தாராளமாகச் சமையுங்கள். ஆனால் மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. அடர்த்தியான மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக ஈயக் குரோமேட் என்ற நச்சுப்பொருளைக் கலப்பவர்களும் உண்டு. எனவே கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தவிர்த்து, கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது அல்லது நம்பகமான கடையில் வாங்குவது நல்லது.

பழங்களில் நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி, சாத்துக்குடி ஆகியவை விலை குறைவு, வைட்டமின் சி அதிகம். இந்த வைட்டமின், வயிற்றில் நைட்ரோசமைன் (புற்றுநோயைத் தூண்டும் நைட்ரஜன் சேர்மம்) உருவாவதைக் குறைக்கிறது. பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள். சாறு பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

சூடு, எண்ணெய், புகை

2002இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மாவுச்சத்து மிகுந்த உணவை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பொரித்தாலோ சுட்டாலோ, அதில் அக்ரிலமைடு (அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து உருவாகும் பொருள்) உண்டாகிறது. விலங்குகளில் இது புற்றுநோயைத் தூண்டியது. மனிதர்களிடம் சான்று தெளிவாக இல்லை. நீரில் வேகும், ஆவியில் அவியும் உணவு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் அதில் இது உருவாவதில்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, களி ஆகியவை இந்த வகையில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் வசதி. உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் நாளில், நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகிய ஓரங்களை ஒதுக்குங்கள். தோசை முறுகலாக இருக்கலாம், கருக வேண்டாம்.

இறைச்சியை நேரடித் தணலில் சுடும்போது, கருகும் புரதத்திலிருந்தும் சொட்டும் கொழுப்பின் புகையிலிருந்தும் வேறு சில தீய சேர்மங்கள் உருவாகின்றன. குழம்பாக, மிதமான தீயில், தண்ணீர் சேர்த்துச் சமைப்பது பாதுகாப்பான முறை. சுட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால், தயிர், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு சேர்த்து ஊறவைத்தபின் சுட்டால் அந்தச் சேர்மங்கள் குறையும்; கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சி சமைத்தபின் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும். மற்ற நாள்களில் மீன், முட்டை, பயறு போதும்.

சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மீது பதினெட்டு சதவீதம் கூடுகிறது என்பதே பொருள். எப்போதாவது ஒருநாள் சாப்பிட்டதற்காகக் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகளின் தினசரி டிஃபன் பெட்டியில் அது இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இன்னொரு தவறான சிக்கனம். எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (சூட்டில் சிதைந்து உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ளது. இது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளந்து பார்க்க முடியாது. ஆனால் நிறம் கறுப்பது, கெட்டியாவது, நுரைப்பது, காய்ந்தவுடனே புகைவது, சிக்கு வாடை அடிப்பது ஆகியவை போதுமான அடையாளங்கள். சிறிய வாணலியில் குறைந்த எண்ணெய் ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கவோ வதக்கவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மீண்டும் பொரிக்க வேண்டாம். பழைய எண்ணெயில் புதிய எண்ணெயைக் கலக்கவும் வேண்டாம்.

அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையும், விறகடுப்புப் புகையும் நுரையீரலுக்குக் கேடு. தினமும் பல மணி நேரம் அடுப்பருகில் நிற்பவர்கள் பெண்கள் என்பதால் இது அவர்களுடைய உடல்நலம் சார்ந்த செய்தி. ஜன்னலைத் திறந்து வையுங்கள்; புகைபோக்கி மின்விசிறி இருந்தால் சமையல் தொடங்கும்போதே போடுங்கள்.

காபியும் தேநீரும் தீங்கானவை அல்ல. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடும் என்று அதே முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. சில நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

பூஞ்சையும் உப்பும்

1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென இறந்தன. பூஞ்சை பிடித்த வேர்க்கடலைப் பிண்ணாக்கைத் தீவனமாகக் கொடுத்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். அதிலிருந்த நச்சுதான் அஃப்லடாக்சின் (ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சுரக்கும் நஞ்சு). மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயைத் தூண்டுவது ஐயமின்றி நிறுவப்பட்ட உணவு நஞ்சு இது. ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இதன் தீங்கு பல மடங்கு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் வானிலையில் வேர்க்கடலை, மக்காச்சோளம், வற்றல் மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் இது எளிதில் வரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது.

கடலையை வாங்கியவுடன் புடைத்து, சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது அனைத்தையும் பொறுக்கி எறியுங்கள். வெயிலில் நன்கு காயவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். சாப்பிடும்போது ஒரு கடலை கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் ஓடியிருக்கும்.

செக்கு எண்ணெயை விரும்புவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுத்திகரிக்கும் ஆலையில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டி அப்படியே பயன்படுத்தும் எண்ணெயில், கடலை எப்படியோ எண்ணெயும் அப்படியே. சொந்தமாகக் கடலை கொடுத்து ஆட்டுபவர்கள் பொறுக்கிச் சுத்தம் செய்த கடலையையே கொடுங்கள். கடையில் வாங்குபவர்கள் எந்தக் கடலை ஆட்டப்படுகிறது என்று கேட்டு வாங்குங்கள். பிறந்தவுடன் குழந்தைக்குப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கல்லீரலுக்கு அது பெரும் காப்பு.

உப்பு வயிற்றின் உட்சுவரைப் புண்படுத்தி, ஹெலிகோபாக்டர் பைலோரி (இரைப்பையில் தங்கும் நுண்ணுயிர்) தொற்றுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் சாதகமான சூழலை உண்டாக்குகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு அடங்க வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் வாரத்தில் ஓரிரு நாளுக்கு ஒதுக்குங்கள். கருவாட்டை வெந்நீரில் சிலமுறை அலசியபின் சமையுங்கள்.

ஒரு நாள் உணவு, மாதிரிக்கு

காலையில் முருங்கைக் கீரை சேர்த்த கேழ்வரகு அடை, புதினாத் துவையல். முற்பகலில் ஒரு கொய்யா. மதியம் அளவான கைக்குத்தல் அரிசிச் சோறு, முள்ளங்கிச் சாம்பார், கோஸ் பொரியல், கீரை மசியல், ரசம், தயிர். மாலையில் பாசிப்பயறுச் சுண்டல். இரவில் இட்லி, தக்காளிச் சட்னி, ஒரு கிண்ணம் காய்கறிக் கூட்டு. இதில் புதிதாகக் கற்க வேண்டிய பதார்த்தம் எதுவும் இல்லை. அளவுகளின் விகிதம் மட்டும் மாறியிருக்கிறது.

வேண்டாத குறுக்குவழிகள்

காய்கறிக்குப் பதிலாகச் சத்து மாத்திரை போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு அறிவியல் கொடுத்த பதில் கடுமையானது. ஃபின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னோர் ஆய்வும் தீங்கு தென்பட்டதால் 1996இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கேரட் நல்லது என்பதால் அதன் ஒரு சத்தைப் பிரித்து அதிக அளவில் விழுங்குவதும் நல்லது என்றாகிவிடாது.

முள் சீத்தாப்பழமும் இலையும் கீமோதெரபியை விட வலிமையானவை என்று பரவும் செய்தியை நம்பாதீர்கள். ஆய்வகக் குடுவையில் செல்கள் இறந்ததை வைத்துக் கிளப்பிய செய்தி அது. அந்தப் பழத்தை நீண்ட நாள் உண்பதற்கும் நரம்புப் பாதிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயமும் உள்ளது. புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லப்படும் கசப்பான பாதாம், ஆப்ரிகாட் விதைகள் வயிற்றில் சயனைடு நஞ்சை வெளியிடுபவை. சமையல் சோடா கரைசலைக் குடித்து உடலைக் காரமாக்கினால் நோய் அழியும் என்பதும் தவறு. இரத்தத்தின் அமில, காரச் சமநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் நிலையாகவே வைத்திருக்கின்றன. இனிப்பைக் குறைப்பது எடையைக் கட்டுப்படுத்தும். ஆனால் பட்டினி கிடந்தால் புற்றுநோய்ச் செல்கள் பட்டினியால் மடியும் என்று எண்ணி நோயாளிக்குச் சோற்றை மறுத்துவிடாதீர்கள். சிகிச்சையைத் தாங்க அவருக்கு எடையும் புரதமும் தேவை. சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தக் கஷாயம், சூரணம், மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம்; வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் நன்கு வெந்த உணவையே கொடுங்கள்.

உணவால் தீராதவை

எவ்வளவு நல்ல உணவும் புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றின் தீங்கை ஈடுசெய்யாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயைத் தூண்டும் முதல் பிரிவில்தான் உள்ளது. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், விழுங்கச் சிரமம், மாறாத குரல் கரகரப்பு, மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் தொடர்ந்து மாற்றம், மார்பகத்தில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை தென்பட்டால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் காரணங்களாலும் வரும். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாதபோதே போவதுதான் பரிசோதனையின் பயன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். இந்த வாரம் பொரித்த எண்ணெயை மறுபடி பொரிக்கப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அடுத்த வாரம் காய்கறியின் அளவைக் கூட்டுங்கள். அதற்கடுத்த வாரம் ஒரு வேளை அரிசிக்குப் பதில் சிறுதானியம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆக்காமல், பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவருக்கும் ஒரே உணவாக இருந்தால் பழக்கம் நிலைக்கும்.

இத்தனை கவனத்தோடு வாழ்ந்தவருக்கும் சில வேளை நோய் வருவதுண்டு. வயது, மரபு, தற்செயலான செல் பிழை ஆகியவை எவர் கையிலும் இல்லை. ஆகையால் நோய் வந்தவரிடம், “நீ அதைச் சாப்பிட்டதால்தான்” என்று எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள். அது உண்மையும் அன்று. அவருக்கு உதவியும் அன்று. அவரைக் காலம் தாழ்த்தாமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும், அவருக்குப் பிடித்ததைச் சத்தாகச் சமைத்துக் கொடுப்பதுமே குடும்பத்தின் கடமை.